ஈ வந்த நேரம் வேறு, உயிர் போன நேரம் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பூச்சிகளை வைத்துக் கொலை வழக்குகளில் துப்புத் துலக்குவதைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம். இரண்டாம் முறை எரிச்சலில். காரணம், நடுவில் வரும் ஒரே ஒரு வரி: சடலத்தில் இருக்கும் புழுக்களின் வயதைக் கணக்கிட்டால் மரணம் நடந்த நேரத்தை மணி பிசகாமல் சொல்லிவிடலாமாம். சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். இடமில்லை என்று எதை வெட்டினாலும் பரவாயில்லை, "குறைந்தபட்சம்" என்ற சொல் வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் தடயவியல் நிபுணர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதும் இல்லை. பூச்சியியல் படித்தவள், படிப்பின்போது இரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் பச்சை ஈயும் நீல ஈயும் வளர்த்தவள், அவ்வளவுதான். வளர்ப்பது என்றால், ஈரல் துண்டைப் போட்டு முட்டையிட வைத்து, பொரிந்த புழுவை அளந்து, எடை போட்டு, கூட்டுப்புழுவாகி ஈயாகப் பறக்கும்வரை இரவு பகலாகக் குறித்துவைப்பது. அந்த வாடை தலைமுடியில் ஏறிவிட்டால் மூன்று முறை குளித்தாலும் போகாது. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஆக, புழுவின் வயதைச் சொல்வது எந்த இடத்தில் சுலபம், எந்த இடத்தில் கழுத்தை அறுக்கும் என்பது கைப்பட்ட அனுபவம்.

சரி, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உயிர் போனதும் முதலில் வருவது வீட்டில் சுற்றுகிற சாதாரண ஈ இல்லை. உலோகம் போல மினுங்கும் பச்சை, நீல ஈக்கள்தான். பகல் நேரம், வெதுவெதுப்பான வானிலை, திறந்த இடம் என்றால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், மனித மூக்குக்கு ஒரு வாடையும் தெரியாத கட்டத்திலேயே. கண்ணோரம், மூக்குத் துவாரம், வாய், காயம் இருந்தால் அதன் விளிம்பு என்று ஈரமும் மறைவும் உள்ள இடமாகப் பார்த்துக் கொத்துக் கொத்தாக முட்டை வைக்கும். சதை ஈ இன்னும் ஒரு படி மேலே போய், முட்டை வைப்பதற்குப் பதில் பொரிந்த புழுக்களையே போட்டுவிடும். முட்டைகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பொரியும். புழுவுக்கு மூன்று பருவம். எந்தப் பருவம் என்று தெரிய அதன் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்: மழுங்கிய அந்த முனையில் பழுப்பாக இரண்டு புள்ளிகள் இருக்கும், பார்க்கிற எல்லோரும் கண் என்று நினைப்பார்கள், அவை மூச்சுத்துளைகள். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றிலும் கோடு கிழித்தது போலப் பிளவுகள், இரண்டாம் பருவத்தில் இரண்டு, மூன்றாம் பருவத்தில் மூன்று. (தலையைச் சதைக்குள் புதைத்துத் தின்றுகொண்டே பின்பக்கத்தால் மூச்சு விடுகிற ஏற்பாடு. முதல் தடவை பார்த்தபோது அருவருப்பு போய் மரியாதையே வந்துவிட்டது.) தின்று முடித்த புழு அங்கேயே உட்கார்ந்திருக்காது. சடலத்தை விட்டு நகர்ந்து மண்ணுக்குள்ளோ கம்பளத்துக்கு அடியிலோ சுவரோரமோ போய், தன் தோலையே கெட்டியாக்கிக் கூடாக்கிக்கொள்ளும். முதலில் வெளிறியிருக்கும் கூடு சில மணி நேரத்தில் சிவந்து, பிறகு கருத்துவிடும். அதனால் உடலின் மேல் மட்டும் பொறுக்கிக்கொண்டு வருகிறவர் அங்கே இருந்ததிலேயே மூத்ததை விட்டுவிட்டு வருகிறார். காலி கூடு ஒன்று கிடைத்தால் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் ஒரு தலைமுறை ஏற்கனவே பறந்து போயாயிற்று.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் கிடைக்கும் விடை என்ன? அந்த இடத்தின் மூத்த புழுவுக்கான முட்டை எப்போது வைக்கப்பட்டது என்பது. உயிர் போனதற்கும் முதல் முட்டைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடியது என்று புழுவைக் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? இரவில் இந்த ஈக்கள் பெரும்பாலும் முட்டை வைப்பதில்லை. கொட்டும் மழையிலும் குளிரிலும் வெளியே வருவதில்லை. சன்னல் சாத்திய அறை, காரின் பின்பெட்டி, இறுக்கிச் சுற்றிய போர்வை, ஆழமாகத் தோண்டிய குழி, இவையெல்லாம் ஈயை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தள்ளிப்போடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "குறைந்தபட்சம் இத்தனை நாள் ஆகியிருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு முன்பே இறந்திருக்கலாம். எவ்வளவு முன்பு என்பதற்குப் போர்வை, கதவு, வானிலை, வேறு சாட்சிகள் என்று மற்ற பக்கங்களில் தேட வேண்டும்.

இது வெறும் வார்த்தைத் தகராறு என்று உங்கள் கட்டுரையாளர் நினைத்தால், 2002-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த டேவிட் வெஸ்டர்ஃபீல்ட் வழக்கைப் பார்க்கட்டும். ஒரு சிறுமி பிப்ரவரி தொடக்கத்தில் காணாமல் போகிறாள், அந்த மாதக் கடைசியில் உடல் கிடைக்கிறது. சில நாட்களிலேயே சந்தேகப்பட்ட ஆளைப் போலீஸ் கண்காணிப்பில் வைத்துவிட்டது. பூச்சியியலாளர்கள் நான்கு பேர் சாட்சி சொன்னார்கள், நான்கு பேரும் வெவ்வேறு தேதி. அதில் பெரும்பாலான கணக்குப்படி ஈக்கள் வந்ததே அவர் கண்காணிப்பில் இருந்த பிறகு! எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் உடல் வெளியில் காய்ந்து போயிருந்தது, ஈக்கள் தாமதமாக வந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதாடியது, மற்ற தடயங்களும் பலமாக இருந்தன, நடுவர் குழு குற்றவாளி என்றே முடிவு செய்தது. புழுவின் வயதைச் சரியாகவே கணக்கிட்டிருந்தாலும் அதை அப்படியே மரண நேரம் என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது வெப்பம். உங்கள் கட்டுரையில் இந்தச் சொல்லே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் புழுவின் கடிகாரம் ஓடுவதே அதில்தான். ஒவ்வொரு வகை ஈக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு, அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஒரு பேச்சுக்கு அது 10 டிகிரி செல்சியஸ் என்றும், ஒரு குறிப்பிட்ட பருவத்தை எட்ட 1,000 டிகிரி மணி (கீழ்வரம்புக்கு மேலே எத்தனை டிகிரி இருக்கிறதோ, அதை மணிக்கு மணி கூட்டிக்கொண்டு போகும் கணக்கு) தேவை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி வெப்பநிலையில் மணிக்குப் பத்து சேரும், 100 மணி நேரம் ஆகும். 30 டிகிரியில் மணிக்கு இருபது, 50 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே வகை, அதே நீளம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு புழுக்கள். ஒன்று நாலு நாள் கதை சொல்கிறது, இன்னொன்று இரண்டு நாள் கதை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெயில் படும் சன்னலோரத்தில் ஒரு ஜாடியும் உள்சுவரோரம் ஒரு ஜாடியும் வைத்து, ஒரே கொத்து முட்டையை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். சன்னலோரத்து ஈக்கள் பறந்து இரண்டு நாள் கழித்துத்தான் சுவரோரத்தவை வெளியே வந்தன. ஒரே அறைக்குள்ளேயே இப்படி. எங்கோ தொலைவில் இருக்கும் வானிலை நிலையத்தின் அன்றைய சராசரியை எடுத்துப் புதருக்குள் கிடந்த சடலத்துக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சடலம் கிடந்த இடத்திலேயே அடுத்த சில நாட்களுக்கு வெப்பமானியை வைத்து, வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துத் திருத்துவார்கள். இன்னொரு சிக்கல், புழுக்கள் கும்பலாகத் தின்னும்போது அவையே சூட்டைக் கிளப்பும். சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரி, சில சமயம் அதற்கும் மேலே போகும். ஜாடியின் வெளிப்பக்கம் கை வைத்தாலே காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுடும்.

புழு எதைத் தின்றது என்பதும் கணக்கில் வரும். கோகைன் ஏறிய உடலைத் தின்ற சதை ஈப் புழுக்கள் வழக்கத்தைவிட வேகமாக வளர்வதை லீ காஃப் என்ற பூச்சியியலாளரின் குழுவினர் 1989-இல் முயல்களை வைத்துக் காட்டினார்கள். மாலத்தியான் போன்ற பூச்சிமருந்து குடித்து இறந்தவர் உடலிலோ ஈ வருவதே தள்ளிப்போகலாம். இதற்கு நல்ல பக்கமும் உண்டு: ரத்தமும் சிறுநீரும் எடுக்க முடியாத அளவுக்கு அழுகிப்போன உடலில், அதைத் தின்ற புழுவை அரைத்துச் சோதித்து மருந்தைக் கண்டுபிடிக்கலாம். 1980-இலேயே அப்படி ஒரு வழக்கில் ஃபீனோபார்பிட்டால் தூக்க மருந்து கிடைத்தது.

வரலாற்றுப் பெட்டிச் செய்தியிலும் ஒரு குறை. இந்தத் துறை 20-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று போட்டிருந்தீர்கள். 1247-இல் சீனாவில் சொங் ட்ஸ் என்ற நீதி அதிகாரி எழுதிய கைநூலிலேயே ஈ வந்துவிட்டது. வெட்டுக் காயத்தைப் பார்த்தால் அரிவாள் என்று தெரிகிறது, யாருடைய அரிவாள் என்று தெரியவில்லை. விசாரித்தவர் ஊரில் உள்ள எல்லோரையும் அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வைக்கச் சொன்னார். கோடைக்காலம். எல்லாம் கழுவித் துடைத்த அரிவாள்கள்தான், ஆனால் ஒன்றில் மட்டும் ஈ மொய்த்தது. அரிவாளுக்குச் சொந்தக்காரன் கடைசியில் ஒப்புக்கொண்டான். 1855-இல் பிரான்ஸில் பெர்ஷெரே என்ற மருத்துவர் எழுதிய வழக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். வீட்டைப் பழுது பார்க்கும்போது கணப்பு அடுப்புக்குப் பின்னால் காய்ந்துபோன சிசுவின் உடல் கிடைக்கிறது, அப்போது குடியிருந்தவர்கள் மேல் சந்தேகம் விழுகிறது. கூடுகளையும் புழுக்களையும் பார்த்த மருத்துவர், இது 1848-இல் நடந்தது என்கிறார், பழி முன்பு குடியிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறது. வேடிக்கை என்னவென்றால், ஈயின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்று அவர் நினைத்திருந்தார். சுத்தமான தப்பு, கோடையில் இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற வேலை அது. முன்னோடி என்று நாம் கொண்டாடும் வழக்கிலேயே கடிகாரம் கோளாறு!

1935-இல் பிரிட்டனில் நடந்த பக் ரக்ஸ்டன் வழக்கு பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பாயில் பிறந்து லங்காஸ்டரில் மருத்துவம் பார்த்தவர் ரக்ஸ்டன். மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்று, துண்டு துண்டாக்கி, ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளத்தில் வீசிவிட்டார். செப்டம்பர் 29 அன்று உடல் பாகங்கள் கிடைத்தன. அலெக்சாண்டர் மியர்ன்ஸ் என்பவர் புழுக்களைப் பார்த்து 12 முதல் 14 நாள் வயது என்றார், அந்தப் பெண்கள் காணாமல் போன நாளோடு அது பொருந்தியது. ஆனால் விசாரணையை லங்காஸ்டர் பக்கம் திருப்பியது புழு இல்லை, உடல் பாகங்களைச் சுற்றியிருந்த செய்தித்தாள்தான்: செப்டம்பர் 15 தேதியிட்ட அந்தச் சிறப்புப் பதிப்பு லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டுமே விற்றது. பூச்சி அங்கே ஒத்து ஊதியது, நாதஸ்வரம் வாசித்தது உங்கள் தொழில்.

இப்போது, கட்டுரை தொடாமலே விட்ட ஒரு பக்கம். பூச்சி இருப்பது மட்டும் சாட்சி ஆகாது, இல்லாமல் இருப்பதும் சாட்சி. 2001 ஜூலை மாதம் லாஸ் வேகாஸில், குப்பை போடும் இடத்தில் ஓர் ஆணின் உடல் இரவு பத்து மணிக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டது. கர்ஸ்டின் லொபாடோ என்ற 18 வயதுப் பெண்ணைக் கைது செய்தார்கள். அன்று பகல் முழுக்க அவர் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த தன் ஊரில்தான் இருந்தார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொலை அதிகாலையில் நடந்தது, முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றது அரசுத் தரப்பு. தண்டனையும் கிடைத்தது, மறுவிசாரணையில் திரும்பவும் கிடைத்தது. பல வருடங்கள் கழித்துப் பூச்சியியலாளர்கள் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்கள்: பாலைவன ஊரின் ஜூலை வெயில், குப்பைமேடு, உடல் முழுக்கத் திறந்த காயங்கள், காலையிலிருந்து அங்கே கிடந்திருந்தால் ஈ முட்டை எங்கே? ஒரு முட்டைகூடக் காணோம். அப்படியென்றால் ஈக்கள் ஓய்ந்த பிறகு, பொழுது சாயும் நேரத்திலோ அதற்குப் பிறகோதான் இறந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் லாஸ் வேகாஸிலேயே இல்லை. இப்படி ஒரு நிபுணரை விசாரணையில் கொண்டுவராதது வழக்கறிஞரின் குறைபாடு என்று சொல்லி 2017 இறுதியில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். 16 வருடம் கழித்து! ஈ எப்போது வந்தது என்ற கேள்வி இங்கே கனகச்சிதமாக வேலை செய்ததற்குக் காரணம், யாரும் அதனிடம் மணி கேட்கவில்லை. இந்தக் கதை பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் கேட்டார்கள். ஒன்றைப் பொய் என்று காட்டுவதில் பூச்சி கெட்டிக்காரி.

அதே மாதிரி இன்னொன்று, இதில் சடலத்தின் பக்கமே யாரும் போகவில்லை. 2003-இல் கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டபோது, கணவர் வின்சென்ட் பிரதர்ஸ் தான் ஒஹையோவில் இருந்ததாகச் சொன்னார். நாட்டின் அந்தக் கோடி. லின் கிம்சி என்ற பூச்சியியலாளர் அவருடைய வாடகைக் காரின் ரேடியேட்டரிலும் காற்று வடிகட்டியிலும் நசுங்கி ஒட்டியிருந்த பூச்சிகளைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார், கால், இறக்கை, உடைந்த வயிறு என்று. அதில் மேற்குப் பகுதியில் மட்டும் வாழும் வகைகள் இருந்தன, அதாவது அந்தக் கார் கலிஃபோர்னியா இருக்கும் மேற்குப் பக்கம் வந்து போயிருக்கிறது. 2007-இல் தண்டனை கிடைத்தது. ஓட்டும்போது கண்ணாடியில் அடிபடும் பூச்சியைத் திட்டியபடி துடைக்கிறோமே, அதுதான் இங்கே சாட்சி.

பூச்சிகள் பொய்ச் சாட்சி சொல்வதும் உண்டு. எறும்பும் கரப்பானும் இறந்தபின் தோலைக் கடித்து உரித்த இடங்கள், பழக்கமில்லாத கண்ணுக்குச் சிராய்ப்பு போலவும் அமிலம் பட்ட காயம் போலவும் தெரியும். ஈ ரத்தத்தில் நடந்து சுவரில் வைக்கும் புள்ளிகள் ரத்தத் தெறிப்பு போலவே இருக்கும். இதெல்லாம் ஒருவரைச் சித்திரவதை செய்தவராக்கிவிடும்.

உயிரோடு இருப்பவர்கள் உடலிலும் புழு வைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். படுத்த படுக்கையான முதியவரின் படுக்கைப் புண்ணில், நாள்கணக்கில் துணி மாற்றாத குழந்தையின் அடிப்பகுதியில். அந்தப் புழுவின் வயது, எத்தனை நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதன் கணக்கு. பராமரிப்பில் அலட்சியம் காட்டிய வழக்குகளில் நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன. இதே விஷயம் மரண வழக்கில் குழப்பமும் செய்யும்: புண்ணில் புழு வைத்தது இறப்பதற்கு முன்பு என்றால், புழுவின் வயது இறந்த காலத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நான் மேலே சொன்ன "குறைந்தபட்சம்" கூட இந்த ஓர் இடத்தில் காலை வாரும்.

கட்டுரையாளர் அடுத்த பாகம் எழுதப்போவதாகப் போட்டிருக்கிறார். அதில் ஆய்வுக்கூட மாயாஜாலத்தைக் குறைத்து, சடலம் கிடக்கும் இடத்தில் முதல் ஒரு மணி நேரம் என்ன நடக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எடுக்கும் புழுவில் பாதியைக் கொதிக்கிற மாதிரியான வெந்நீரில் போட்டுக் கொன்று, பிறகு ஆல்கஹாலில் வைக்க வேண்டும்; உயிரோடு நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கருத்து, நீளம் குறைந்து, வயதும் குறைந்து தெரியும். மீதிப் பாதியை உயிரோடு வளர்த்து ஈயாக்க வேண்டும், ஏனென்றால் புழுவில் வகையைப் பிரிப்பது பழகினவர்களுக்கே தலைவலி. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது, உடல் எத்தனை மணிக்குக் குளிர்பெட்டிக்குள் போனது என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை மேசையில் உடலைக் கழுவும்போது புழுவெல்லாம் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறதே, அதைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம். அருவருப்பில் கழுவிவிடுகிறார்கள், தப்பு சொல்ல மாட்டேன், எனக்கும் முதல் மாதம் குமட்டிக்கொண்டுதான் வந்தது.

அப்புறம், கட்டுரைக்குப் போட்டிருந்த பெரிய வண்ணப்படம். வயிற்றில் மஞ்சள் கறுப்புப் பட்டையோடு மலர் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அது பூ ஈ. தேன் குடித்துப் பிழைக்கிற ஜீவன். எந்தக் கொலை வழக்கிலும் அதற்குச் சம்பந்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, தயவுசெய்து அடுத்த பாகத்தில் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈ வளர்த்த ஒரு வாசகி